இலுப்பை மரத்துக் கழுகும் என் வலது கண்ணும்

தைப்பொங்கல் கழிந்த கையோடு ஒரு காலை, நீரேரிக் கரையில் நின்று வானத்தைப் பார்த்தேன். தகைவிலான்கள் பறந்துகொண்டிருந்தன. வாடைக்காற்றோடு வடக்கிலிருந்து வந்து நம் பக்கம் தங்கிப்போகும் சிறிய கரிய பறவைகள் அவை. தொலைநோக்கியை உயர்த்தினேன். குமிழை எவ்வளவு திருகியும் அவை தெளியவில்லை. ஒன்றைப் பின்தொடர்ந்தால் அது பார்வையின் ஓரத்துக்கு நழுவிப் போனது.

தொலைநோக்கிக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். உப்புக் காற்றில் அது வழக்கம். வீட்டுக்கு வந்து, கணவருடைய பழைய வேட்டித் துண்டால் அதன் கண்ணாடிகளைத் துடை துடையென்று துடைத்தேன். எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவில், "இன்று நீரேரியில் தகைவிலான்கள் ஏராளம்" என்று செய்தியும் போட்டேன். சிலர் பெருவிரல் உயர்த்தினார்கள். ஒருவர் வாழ்த்தே சொன்னார்.

அவை நீரேரியின் மேல் பறக்கவில்லை. என் வலது கண்ணுக்குள் பறந்தன.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பறவை பார்ப்பவள் கண்ணுக்குப் புள்ளியெல்லாம் பறவை. வேறு யாராவது என்றால், வெள்ளைச் சுவரில் கரும்புள்ளிகள் மிதப்பதைக் கண்டு பயந்து மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். நான் சுவரைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தேன். அதனால் பிந்தினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கும் உங்களில் யாராவது இப்போதுதான் புள்ளிகளைக் காணத் தொடங்கியிருக்கலாம்.

நான் வடமராட்சியில், நெல்லியடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதிலிருந்தே தடித்த மூக்குக்கண்ணாடி. இவர், அதாவது என் கணவர், வெங்காயத் தோட்டக்காரர். இவருடைய உலகத்தில் மொத்தம் மூன்று பறவைகள்தான். வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காகம், பெரிதாக இருந்தால் பருந்து. தோட்டத்தைக் கிண்டாத வரை மூன்றுமே நல்ல பறவைகள்.

தொலைநோக்கி வைத்திருப்பதே ஆபத்தாக இருந்த போர்க்காலம் ஒன்று எங்களுக்கு உண்டு. அதனாலோ என்னவோ, ஓய்வு பெற்றதும் நான் முதலில் வாங்கிய பொருள் அதுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் போகும்போது, முன்பு சோதனைச்சாவடி இருந்த தெரு முடக்கில் இன்றைக்கும் என் கை தானாகவே சேலைத் தலைப்பை எடுத்து அதை மூடும்.

நீரேரிக் கரையில், பறவைகள் காப்பிடம் என்று பலகை நட்ட இடத்துக்குச் சற்று உள்ளே, பாழடைந்த வைரவர் கோயிலடியில் ஒரு பெரிய இலுப்பை நிற்கிறது. அதன் உச்சியில் கடற்கழுகுச் சோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. தலையும் வயிறும் வெள்ளை, செட்டை சாம்பல். கூடு மாட்டுவண்டிச் சில்லு அளவுக்கு இருக்கும்.

அந்தக் கூட்டை மூன்று பருவமாகப் பார்த்துவந்தேன். முதல் வருடம் மார்கழிக் காற்றில் கூடு பாதி சரிந்தது. அடுத்த வருடம் முட்டையிட்டு அடைகாத்தன. அயலில் யாரோ கொளுத்திய சீனவெடியில் வெருண்டு, முட்டையை விட்டுவிட்டுப் போயின. மூன்றாம் வருடம்தான், இந்தத் தையில், கூட்டின் விளிம்புக்கு மேலே வெள்ளைப் பஞ்சுத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

அந்தக் குஞ்சு முதன்முதல் பறப்பதைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அதுதான். இவரிடம்கூட அதை முழுதாகச் சொல்லவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் இப்படியொரு ஆசை என்றால் ஊர் அதற்கு வேறு அர்த்தம் வைத்துவிடும். அப்படி ஒன்றும் இல்லை. பறந்தே அறியாத ஒன்று பறக்கத் தொடங்கும் அந்தக் கணம் எப்படி இருக்கும் என்று கண்ணால் காண வேண்டும், அவ்வளவுதான்.

புள்ளிகளுக்குப் பிறகு மின்னல் வந்தது. தலையைத் திருப்பும்போதெல்லாம் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. நீரேரியில் வெயில் பட்டுத் தெறிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சாமி அறைக்குள் நின்றபோதும் தெறித்தது.

பிறகு ஒரு காலை, கூட்டடியில் நின்றபோது இடது கண்ணில் தூசு விழுந்தது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். கூடு இருந்தது. தாய்க் கழுகு இருந்தது. மரத்தைக் காணவில்லை. கூட்டுக்குக் கீழே ஒரு கரும் திரை நின்றது. இலுப்பையின் அடி, வைரவர் கோயில், என் ஸ்கூட்டி எல்லாம் அதற்குள் போய்விட்டன.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. இவர் தோட்டத்து மண்ணோடு வேலிப் படலையடியில் நின்றார். மறுபடி இடது கண்ணைப் பொத்தினேன்.

"இஞ்சருங்கோ, உங்கடை கால் எங்கை?"

இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "ரண்டும் இஞ்சைதானே நிக்குது. ஏனப்பா?"

"எனக்குத் தெரியேல்லை. இடுப்புக்குக் கீழை உங்களைக் காணேல்லை."

இவர் கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூட்டிவந்தார்.

பெரியாஸ்பத்திரியில் கண் பகுதிக்கு முன்னால் நீளமான வாங்கு ஒன்று. அதில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு கண்ணைப் பொத்தியபடி இருந்தோம். கண்மணியை விரியச் செய்யும் மருந்து விட்டிருந்தார்கள். என்னைச் சோதித்தவர் ஒரு இளம் பெண் வைத்தியர்.

"இது எப்ப தொடங்கினது, அம்மா?"

"பொங்கலுக்குப் பிறகு புள்ளி தெரிஞ்சது. நான் பறவை எண்டு நினைச்சன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "பறவையோ?"

"தகைவிலான்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன்.

வந்திருப்பது விழித்திரை விலகல் என்றார் (விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம், நாம் பார்க்கும் படம் அதில்தான் விழுகிறது). என்னைப்போலத் தடித்த கண்ணாடி போடுபவர்களுக்கு அந்தப் படலம் மெலிந்து கிழியும் வாய்ப்பு அதிகம். கிழிசல் வழியே நீர் புகுந்து, ஈரச் சுவரிலிருந்து ஒட்டுத்தாள் கழல்வதுபோல அது கழன்றுகொண்டே போகும். புள்ளியும் மின்னலும் கிழியும்போது வந்தவை. திரை, கழன்ற பகுதி.

"மஞ்சட்பொட்டும் கழண்டிட்டுது" என்றார் (விழித்திரையின் நடுப்பகுதி, முகமும் எழுத்தும் அதில்தான் தெளிகின்றன). "கெதியாய் ஒட்டவேணும். கொழும்புக்குக் கடிதம் தாறன். நாளைக்கே போங்கோ."

"பார்வை திரும்புமோ?"

"ஒட்டலாம், அம்மா. எவ்வளவு திரும்பும் எண்டு இப்ப சொல்லேலாது."

அடுத்துக் கேட்ட கேள்வி எனக்கே வெட்கமாக இருந்தது. "குஞ்சு பங்குனி கடைசியிலை பறந்திடும். அதுக்கிடையிலை எனக்குச் சுகம் வந்திடுமோ?"

வைத்தியர் இவரைப் பார்த்தார். இவர் பெருவிரலால் கூரையைக் காட்டி, "அது கழுகுக் குஞ்சு, டொக்டர்" என்றார்.

கொழும்பில் விட்ரெக்டமி செய்தார்கள் (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பசைபோன்ற நீர்மத்தை எடுத்துவிடும் சத்திரசிகிச்சை). கிழிசலைச் சுற்றி லேசர் சூடு வைத்து, கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பினார்கள். வாயு எப்போதும் மேலே எழும். நாம் முகத்தைக் கவிழ்த்து வைத்தால் கண்ணின் பின்சுவர் மேலே வரும். எழுந்த வாயு விழித்திரையை அந்தச் சுவரோடு அமத்திப் பிடிக்கும். வாயு தானாகக் கரைந்து போகும் வரை விமானம் ஏறக்கூடாது, மலைநாட்டுக்குப் போகக்கூடாது. உயரத்தில் அது விரிந்து கண்ணைக் கெடுத்துவிடும்.

சத்திரசிகிச்சை செய்தவர் ஒரு சிங்கள வைத்தியர். தனக்குத் தெரிந்த அளவான தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

"கீழே பாருங்க. சாப்பிடும்போது கீழே. நடக்கும்போது கீழே. தூங்கும்போதும் கீழே. மேலே வேண்டாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நான் சொல்லும் வரைக்கும்."

மூன்று வருடமாக நான் செய்துவந்ததெல்லாம் மேலே பார்ப்பது ஒன்றுதான் என்று அவரிடம் சொல்லத் தோன்றியது.

திரும்பி வந்தது காலை ரயிலில். முன் இருக்கையின் முதுகில் தலையணை வைத்து, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து, தரையைப் பார்த்தபடி வந்தேன். நாடு முழுவதும் எனக்கு ரயில் தரையாகவே இருந்தது. வெகு நேரத்துக்குப் பிறகு சக்கரங்களின் ஓசை மாறி, யன்னலால் உப்பு மணம் வந்தது. ரயில் நீரேரியைக் கடக்கும் ஆனையிறவு என்று தெரிந்துகொண்டேன்.

"என்ன தெரியுது?" என்று இவரைக் கேட்டேன்.

"தண்ணி."

"தண்ணியிலை?"

"கொக்கு. கனக்க நிக்குது."

"என்ன நிறம்?"

"வெள்ளை. பொறும்... கொஞ்சம் ரோசா."

"கால் நீளமோ?"

"கால்தான் முழுக்க. தலையைக் கவிட்டுத் தண்ணிக்குள்ளை வைச்சுக்கொண்டு நிக்குதுகள், உம்மை மாதிரி."

பூநாரைகள். எத்தனையோ தடவை அவற்றுக்காகவே பஸ் ஏறிப்போய், ஏமாந்து திரும்பியிருக்கிறேன். இப்போது ஒரு யன்னலுக்கு அப்பால் நின்றன. நிமிர்ந்தால் போதும். நான் தரையில் யாரோ தின்றுபோட்ட கச்சான்கடலைக் கோதுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரயில் ஆனையிறவைக் கடந்து வெகு தூரம் போன பிறகு இவர் மெல்ல, "அது கொக்கில்லையோ?" என்று கேட்டார்.

வீட்டில் இவர் பழைய சாக்குக் கட்டிலில் முகம் வைக்கும் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தைத் துணியால் சுற்றித் தைத்து வைத்தார். அதில் குப்புறக் கிடந்தேன். நெற்றி புண்ணானது. கழுத்து மரத்தது. வலது கண்ணில் சாம்பல் நிற அலைதான் தெரிந்தது. இடது கண்ணுக்குச் சீமெந்துத் தரையும் அதில் ஊரும் எறும்பும். சமைத்துத் தர வந்திருந்த மச்சாள், இவருடைய அக்கா, வாசலில் நின்று தன் தீர்ப்பைச் சொன்னார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எண்டு சொல்லுவினம். உவள் சூரியனைப் பாத்துப் பாத்தே கண்ணைக் கெடுத்தவள்."

அப்படி ஒன்றும் இல்லை என்று விளக்க முயன்று, தரையோடு பேசிக் களைத்து விட்டுவிட்டேன்.

நோயைவிட ஏக்கம்தான் என்னை வாட்டியது. அதை மறைத்துப் பயனில்லை. ஒவ்வொரு காலையும் கழுகு மீன் கொண்டுவரும் நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். குஞ்சின் பஞ்சு உதிர்ந்து கபில இறகு முளைக்கும் காலம் இது என்று தெரியும். இன்றைக்கு எவ்வளவு முளைத்திருக்கும்? கேட்க யாரும் இல்லை. அந்தக் கூட்டை வேறு யாரும் பார்ப்பதில்லை.

"போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ" என்று இவரை அனுப்பினேன்.

"எதை?"

"குஞ்சை."

"நான் பாத்து என்னத்தைச் சொல்ல?"

"கண்டதைச் சொல்லுங்கோ."

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் போனார். வந்து, "பருந்து நிக்குது" என்றார். கழுகு என்று திருத்தினேன். "சரி, கழுகு நிக்குது. குஞ்சும் நிக்குது." எவ்வளவு பெரிசு என்று கேட்டால், பேட்டுக்கோழி அளவு. மறுநாளும் பேட்டுக்கோழி அளவு. அதற்கு மறுநாளும் அதேதான். தேத்தண்ணிக் கடையில் இருந்துவிட்டு வந்து சொல்கிறார் என்று சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"இண்டைக்கு மீனில்லை. வரி வரியாய் ஒரு பாம்பு. வால் துடுப்பு மாதிரித் தட்டை. தாய் அதைக் காலாலை அமத்திப் பிச்சுப் பிச்சுக் குடுத்தது. குஞ்சுக்கு விழுங்கத் தெரியேல்லை, வால் வாய்க்கு வெளியிலை துடிச்சுக்கொண்டு நிண்டது."

கடற்பாம்பு. வெங்காயத் தோட்டக்காரரால் அந்த வாலைக் கற்பனை செய்ய முடியாது. இவர் உண்மையிலேயே போகிறார், நிற்கிறார், பார்க்கிறார். அன்றைக்கு நம்பிக்கை வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. தலையைக் கவிழ்த்தபடியே அழுதேன். குப்புறக் கிடந்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேரே நிலத்தில் விழும். இவர் அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு, அதற்கு முன்னால் முக்காலியில் மீன் பொரிக்கும் பெரிய தாச்சியை வைத்து, நிறையத் தண்ணீர் விட்டிருந்தார். என்னைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் இருத்தினார்.

"கிரகணம் பாத்த மாதிரிப் பாரும்."

முன்பு ஒருமுறை சூரிய கிரகணம் பிடித்தபோது, எல்லா வீட்டு முற்றத்திலும் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்துக் குனிந்து சூரியனைப் பார்த்தோம். இவருக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது.

"தாம்பாளம் பளபளக்குது, ஒண்டும் தெரியேல்லை. தாச்சி அடி கறுப்பு, அதுதான் சரி" என்றார். "மஞ்சள் போடேல்லை. நிறம் பிழைச்சுது எண்டு என்னை ஏசுவீர்."

குனிந்தேன். வைத்தியர் சொன்னபடி முகம் கீழேதான் இருந்தது. இடது கண்ணுக்கு முன்னால் வானம் இருந்தது. ஒரு பனையோலை நுனி, மெல்ல நகரும் முகில், அதைக் கடந்து ஒரு காகம். காகத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோசப்பட்டவள் வடமராட்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு மத்தியானம் செம்பருந்து ஒன்று தாச்சியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வட்டமிட்டுப் போனது. பின்னால் நின்ற மச்சாள் வானத்தைப் பார்க்காமல் தாச்சியைப் பார்த்து, "கருடா, கருடா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தத் தாச்சியில் அவர் மீன் பொரிக்க விடவில்லை.

மாசி கழியும்போது கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போனோம். கீழ் ஓரத்தில் ஒரு பகுதி மறுபடி கழன்றிருந்தது. திரும்பவும் லேசர், திரும்பவும் வாயு, திரும்பவும் தரை. வைத்தியர் இந்தமுறை கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இனியும் கழன்றால் ரொம்பக் கஷ்டம், அம்மா. கவனம்."

உங்களுக்கும் இப்படி இரண்டாம் தடவை வரலாம். முதல் தடவை பயம் இருந்தது. இரண்டாம் தடவை எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம் சோற்றின் மேலும் மச்சாளின் மேலும் போனது. மச்சாள் பொறுத்துக்கொண்டார்.

பங்குனியில் இவர் கொண்டுவந்த செய்திகள் மாறின. குஞ்சு விளிம்பில் ஏறி நிற்கிறது. செட்டையை விரித்து அடிக்கிறது. காற்று வரும்போது கால் கொஞ்சம் கிளம்புகிறது. எனக்கு விளங்கிவிட்டது, இன்றோ நாளையோ. இவருக்கும் விளங்கியிருந்தது.

"ஆட்டோவிலை மெல்லக் கொண்டு போறன்" என்றார். "தாச்சியையும் கொண்டு போவம். மரத்துக்குக் கீழை வைச்சுப் பாக்கலாம்."

அந்தப் பாதையில் பள்ளம் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஸ்கூட்டியில் ஒவ்வொன்றையும் விலத்தி ஓட்டியவள் நான். ஒரு குலுக்கல், ஒட்டு விட்டுப்போனால், அந்தக் கண் அவ்வளவுதான். ஆனால் அந்தக் குஞ்சு பறப்பதும் ஒருமுறைதான். மூன்று வருடம் காத்திருந்தேன். என் உடம்பு முழுவதும் எழுந்து போகத்தான் சொன்னது.

"வேண்டாம்" என்றேன்.

இவர் போன பிறகு, அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க ஏங்கினேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பி வந்துவிட்டாரோ என்று காது கொடுத்தேன்.

மத்தியானம் தாண்டித்தான் வந்தார். வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார். எனக்குத் தெரிந்தது செருப்பு மட்டும்தான்.

"பறந்திட்டுது" என்றார்.

"சொல்லுங்கோ."

"தாய் அங்காலைப் பட்ட மரத்திலை மீனை வைச்சுக்கொண்டு சத்தம் போட்டது. கொண்டுவந்து குடுக்கேல்லை. குஞ்சு பசியிலை கத்திச்சுது. பிறகு ஒரு காத்து வந்தது. பறந்தது எண்டு சொல்லேலாது, விழுந்தது. நான் ஐயோ எண்டு கத்திப்போட்டன். தண்ணிக்குக் கிட்டப் போய்த்தான் செட்டை விரிஞ்சது."

"பிறகு?"

"பிறகு எனக்கு வடிவாய்த் தெரியேல்லை."

"ஏன்?"

"கண்ணெல்லாம் தண்ணி."

அன்று முழுவதும் நான் இவரோடு கதைக்கவில்லை. என் ஆசை இவருடைய கண்ணுக்குள் போய்விட்டது என்று கோபம். அதைவிட நியாயமில்லாத கோபம் என் வாழ்நாளில் வந்ததில்லை. ஆனாலும் வந்தது. மறுநாள் விடிந்ததும், "அந்தக் காத்து எந்தப் பக்கமிருந்து வந்தது?" என்று கேட்டேன். இவர் முதலிலிருந்து மறுபடி சொன்னார். இன்றைக்கு வரை எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அந்த "ஐயோ"வைச் சத்தமாகத்தான் சொல்கிறார்.

சித்திரையில் நிமிர விட்டார்கள். வாயு கரையத் தொடங்கும்போது கண்ணுக்குள் ஒரு நீர்மட்டம் தெரியும். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். நடந்தால் அது தளம்பும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழே இறங்கும். அதனால் இழந்த கண்ணுக்கு முதலில் திரும்பி வந்தது வானம். பிறகு பனை வட்டு, பிறகு கூரை, பிறகு இவருடைய முகம், கடைசியில்தான் கால். அந்த வாரங்களில் நான் நாட்காட்டி பார்க்கவில்லை. நீர்மட்டம்தான் எனக்கு நாள்.

இப்போது வாயு முழுவதும் போய்விட்டது. விழித்திரை ஒட்டியிருக்கிறது. ஆனால் வலது கண்ணுக்குப் பனைமரம் நடுவில் வளைகிறது. நேர்கோடு என்று ஒன்றும் இல்லை. வாழ்க்கை முழுக்கக் கேத்திரகணிதம் படிப்பித்தவளுக்கு இது வேண்டும்தான். நிறங்கள் கழுவி உலர்த்தியவைபோல் வெளுத்திருக்கின்றன. இடது கண்ணிலும் சில புள்ளிகள் மிதக்கின்றன. அவை வயதுக்கு வருபவை, பயமில்லை, புதிதாக வந்தால் மட்டும் ஓடிவாருங்கள் என்றார் வைத்தியர். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். புள்ளியோ மின்னலோ திரையோ கண்டால் அன்றைக்கே போங்கள். தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

வைகாசியில் ஒரு காலை, இவர் மோட்டார் சைக்கிளில் பள்ளங்களை விலத்தி விலத்தி என்னைக் கூட்டிப்போனார். நீரேரி வற்றி உள்ளே போய்விட்டிருந்தது. கரையில் சேறு வெடித்துக் கிடந்தது. கூடு வெறுமை. பறக்கப் பழகிய பிறகும் குஞ்சு தாயிடம் தீன் வாங்கக் கூட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்ததாம். ஆனால் கடைசியாகச் சில நாட்கள் இவரும் அதைக் காணவில்லை.

"போயிருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வைரவர் கோயில் படியில் இருந்தோம். முன்பென்றால் எழுந்து, நடந்து, திருகி, தேடியிருப்பேன். இப்போது என்னால் சும்மா இருக்க முடிகிறது. தரையைப் பார்த்துக் கிடந்த மாதங்களில், வராத ஒன்றுக்காக இருப்பதும் ஒரு வேலை என்று கழுத்து பழகிவிட்டது. ஆனால் ஆசை குறையவில்லை. அது வளைந்த மரத்துக்கு மேலே, வெளுத்த வானத்தில், நான் பார்க்கும் இடமெல்லாம் இருந்தது.

நீரேரியின் அந்தக் கரைக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது.

தகைவிலான்கள் வடக்கே திரும்பிப் போய்விட்ட காலம். கண்ணை அசைத்தேன், புள்ளியும் கூடவே அசைந்ததா, அசையவில்லையா என்று நிச்சயமில்லை. தொலைநோக்கி கழுத்தில்தான் கிடந்தது. உயர்த்தவில்லை. ஒருமுறை ஏமாந்தவளுக்குத் தன் கண்ணைத் தானே விசாரிக்கும் துணிவு போய்விடுகிறது.

"இஞ்சருங்கோ" என்றேன். "அங்கை, அந்தத் தென்னைக்கு மேலை. ஒரு புள்ளி. உங்களுக்கும் தெரியுதோ?"

இவர் எழுந்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். நான் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம்" என்றார். "அது உம்மடை கண்ணுக்குள்ளை இல்லை. வெளியிலைதான் பறக்குது."